சிறிய டிரைவில் இடத்தைத் தின்பது எது? விஸ்ட்ரீ: ஒரு மதிப்பீடு

64 ஜிபி என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் மடிக்கணினியில் விண்டோஸ் காட்டும் மொத்த அளவு 59 ஜிபியைச் சற்றுத் தாண்டுவதோடு நின்றுவிடும். தயாரிப்பாளர் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபியாகக் கொள்கிறார்; விண்டோஸ் 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிபியாகக் கொள்கிறது. அந்த 59-இலும் மீட்புக்கென்று ஒரு பகுதி தனியே ஒதுக்கப்பட்டிருக்கும். 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, தொழிற்சாலையிலேயே விண்டோஸ் நிறுவப்பட்டு வரும் கணினிகளில், புதுப்பிப்புகள் தடையின்றி நடப்பதற்காகச் சுமார் 7 ஜிபியை இயங்குதளம் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்கிறது. இயங்குதளமும், அலுவலகப் பணிக்கான ஒரு மென்பொருள் தொகுப்பும், ஓர் உலாவியும் ஏறிய பிறகு மிஞ்சுவது மிகச் சிறிய இடம். இத்தகைய கணினிகள் பெரும்பாலானவற்றில் சேமிப்புச் சில்லு தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், பெரிய டிரைவை வாங்கி மாற்றிக்கொள்ளும் வழியும் இல்லை. இருக்கும் இடத்தை அறிந்து ஆள்வதைத் தவிர வேறு வழியில்லாத இந்த நிலையில் இருப்பவர்களுக்கு, எந்தக் கோப்பு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் விஸ்ட்ரீ என்னும் சிறிய மென்பொருள் எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

டிரைவ் நிறைந்துவிட்டது என்ற சிவப்புக் கோட்டைக் கண்டதும் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது தாங்கள் கண்ணால் காணும் பொருள்களில்தான்: புகைப்படங்கள், பாடல்கள், பழைய ஆவணங்கள். அவற்றுள் பல விலைமதிப்பற்றவை. அழித்தாலும் கிடைக்கும் இடம் பல சமயங்களில் சில நூறு எம்பியைத் தாண்டாது. இடத்தை உண்மையில் விழுங்கியிருப்பது பயனர் ஒருநாளும் திறந்து பார்க்காத மறைவான கோப்புறைகளாக இருக்கும். ஆகவே அழிப்பதற்கு முன்னால் பார்த்தாக வேண்டும், முழுமையாகப் பார்த்தாக வேண்டும். விஸ்ட்ரீயை நான் உயர்வாக மதிப்பிடுவது அது அந்தப் பார்வையைத் தருகிறது என்பதற்காகவே. அது தானாக எதையும் துப்புரவு செய்வதில்லை. இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று முடிவு கட்டுவதுமில்லை.

ஆன்டிபாடி சாஃப்ட்வேர் வெளியிடும் இந்த மென்பொருள் சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவனங்களில் பயன்படுத்த உரிமம் பெற வேண்டும். நிறுவத் தேவையில்லாத போர்ட்டபிள் பதிப்பும் உண்டு. சிறிய டிரைவ் வைத்திருப்பவர் அந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. டிரைவ் அறவே நிறைந்து, புதிதாக எதையும் பதிவிறக்க முடியாத நேரத்திலும் அது பென்டிரைவிலிருந்து ஓடும்.

அதன் வேகம் முதல்முறை பயன்படுத்துபவரை நிச்சயம் வியக்க வைக்கும். கோப்புறைகளின் அளவைக் கணக்கிடும் சாதாரண மென்பொருள்கள் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து, உள்ளே இருக்கும் கோப்புகளை எண்ணி, பிறகு அதற்குள் இருக்கும் கோப்புறைக்குள் நுழைந்து, இப்படியே டிரைவ் முழுவதும் நடந்து வர வேண்டும். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறையில் வடிவமைக்கப்பட்ட டிரைவில் எல்லாக் கோப்புகளின் பெயரும் அளவும் இருப்பிடமும் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்னும் ஓர் அட்டவணையில் பதியப்பட்டிருக்கும். விஸ்ட்ரீ அந்த அட்டவணையை நேரடியாகப் படித்துவிடுகிறது. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டாமல் பொருளடக்கத்தை மட்டும் வாசிப்பது போன்றது இது. மலிவான மடிக்கணினிகளில் பற்றவைக்கப்படும், வேகம் குறைந்த இஎம்எம்சி என்னும் சேமிப்புச் சில்லுகளில்கூட ஒரு சில நொடிகளில் முழு டிரைவின் கணக்கும் திரையில் வந்து நிற்கிறது. இந்த முறையால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. கோப்புறை கோப்புறையாக நடந்து செல்லும் மென்பொருள்களுக்கு அனுமதி மறுக்கப்படும் இடங்களும், குறிப்பாக கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோருக்கான நகல்கள் தங்கும் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்னும் மறைவான கோப்புறையும், இந்தக் கணக்கில் விடுபடாமல் வந்துவிடுகின்றன. கோப்புகளின் அளவைக் கூட்டிப் பார்த்தால் 40 ஜிபி, டிரைவோ 50 ஜிபி நிறைந்திருக்கிறது, நடுவிலுள்ள 10 ஜிபி எங்கே போயிற்று என்று குழம்பியவர்களுக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

திரையின் மேற்பகுதியில் கோப்புறைகள் அளவின் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும், அது தன் தாய்க் கோப்புறையில் எத்தனை சதவீதத்தைப் பிடித்திருக்கிறது என்பதைக் காட்டும் பட்டை உண்டு. கீழ்ப்பகுதியில் முழு டிரைவும் வண்ணச் செவ்வகங்களாக விரிகிறது: ஒரு செவ்வகம் ஒரு கோப்பு, செவ்வகத்தின் பரப்பு கோப்பின் அளவு, வண்ணம் கோப்பின் வகை. ட்ரீமேப் எனப்படும் இந்தக் காட்சி முறை பிறந்ததே வட்டு நிறைந்துபோன சிக்கலிலிருந்துதான் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. 1990-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன், 14 பேர் பகிர்ந்துகொண்டிருந்த 80 எம்பி வட்டு ஒன்றில் எந்தக் கோப்புகள் இடத்தை அடைத்திருக்கின்றன என்பதை ஒரே பார்வையில் அறிய வழி தேடியபோது உருவாக்கியது அது. வட்டுகள் பல ஆயிரம் மடங்கு பெருத்த பின்னும் அதே கேள்விக்கு அதே படம் விடை தருகிறது. திரையில் பெரிதாகத் தெரியும் செவ்வகத்தின் மேல் சுட்டியைக் கொண்டு சென்றால் கோப்பின் பெயரும் பாதையும் தெரியும். அதைச் சொடுக்கினால் மேலேயுள்ள பட்டியலும் அந்தக் கோப்புக்கே போய் நிற்கும்.

இதே வேலையை 2003 முதல் செய்துவரும் வின்டிர்ஸ்டாட் என்னும் திறமூல மென்பொருளையும் ஒப்பிட்டாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் மாற்றமின்றிக் கிடந்த அதன் பழைய பதிப்பு, வேகம் குறைந்த மடிக்கணினிகளில் நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். அண்மையில் வந்த இரண்டாம் வரிசைப் பதிப்புகள் வெகுவாக முன்னேறியிருக்கின்றன. மூலநிரல் திறந்திருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருப்பவர்களும், அலுவலகக் கணினியில் கட்டணமின்றிப் பயன்படுத்த விரும்புபவர்களும் வின்டிர்ஸ்டாட்டைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் பயன்படும் கணினிக்கு விஸ்ட்ரீயின் கைதான் இன்னும் ஓங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

விஸ்ட்ரீயின் பட்டியலில் சைஸ் என்றும் அலொகேட்டட் என்றும் இரண்டு நெடுவரிசைகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிறிய டிரைவ் வைத்திருப்பவருக்கு இரண்டாவதே முக்கியம். முதலாவது கோப்பின் பெயரளவு. இரண்டாவது அது டிரைவில் மெய்யாகவே பிடித்திருக்கும் இடம். மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பான ஒன்டிரைவில் வைத்திருக்கும் புகைப்படக் கோப்புறையை எடுத்துக்கொள்வோம். 2017-இல் வந்த ஃபைல்ஸ் ஆன் டிமாண்ட் வசதியின்படி, ஒரு கோப்பின் மேல் வலது சொடுக்கிட்டு ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்று கொடுத்தால், கோப்பின் பெயர் கணினியில் தொடர்ந்து தெரியும். உள்ளடக்கம் மேகத்தில் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட கோப்புறைக்கு முதல் நெடுவரிசையில் பல ஜிபி காட்டும். இரண்டாவதில் ஏறக்குறைய ஒன்றுமே இராது. முதல் நெடுவரிசையை மட்டும் பார்த்து, இதுதான் இடத்தை அடைக்கிறது என்று அந்தக் கோப்புறையை அழிப்பவர் ஒரு ஜிபியைக்கூட மீட்கப்போவதில்லை. அதைவிட மோசமாக, மேகத்திலிருந்த மூலக் கோப்புகளும் சேர்ந்தே அழியும். சொந்தக் கணக்குகளில் அவை ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள்கள் கிடக்கும். அதற்குள் மீட்டுக்கொள்ளாவிட்டால் போனது போனதுதான். அலொகேட்டட் நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கி அதன்படி வரிசைப்படுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்குவது இந்த ஆபத்தைப் பெரிதும் தவிர்க்கும்.

அப்படி வரிசைப்படுத்தியதும் சி டிரைவின் மேல்மட்டத்திலேயே கண்ணில் படும் பெரிய கோப்புகளுள் ஒன்று ஹைபர்ஃபில்.சிஸ். கணினியை ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருக்கும் வேலையை அப்படியே சேமித்துவிட்டு அணைக்கும்போது, ரேமில் இருப்பதை எழுதி வைப்பதற்கான இடம் அது. அதன் அளவு வழக்கமாக ரேமின் 40 சதவீதம். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் சுமார் 1.6 ஜிபி, 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் சுமார் 3.2 ஜிபி. இதை விஸ்ட்ரீயிலிருந்து அழிக்க முடியாது, முயலவும் கூடாது. நிர்வாகி அனுமதியுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளை வழியாக ஹைபர்னேட்டை முற்றிலும் நிறுத்தினால் கோப்பு தானே மறைந்துவிடும். ஆனால் அதனுடன், கணினியை விரைவாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியும் போய்விடும். அதே கட்டளையில் வகையை ரெட்யூஸ்ட் என்று மாற்றினால் கோப்பு பாதியாக, அதாவது ரேமின் 20 சதவீதமாகச் சுருங்கும். ஹைபர்னேட் போகும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் மட்டும் தொடர்ந்து இருக்கும். மின்கலம் தீரும் வரை மூடி வைத்துவிட்டு மறுநாள் அதே இடத்திலிருந்து வேலையைத் தொடரும் பழக்கம் உள்ளவர் இதைத் தொடாமல் விடுவதே நல்லது, ஏனெனில் மின்சாரம் இல்லாத நேரத்தில் திறந்து கிடந்த வேலையைக் காப்பாற்றுவது அந்தக் கோப்புதான். பக்கத்திலேயே தெரியும் பேஜ்ஃபைல்.சிஸ் கோப்பை யாரும் நிறுத்த வேண்டாம். ரேம் குறைந்த கணினிகளில் அது இல்லாமற்போனால் நினைவகம் போதாமல் செயலிகள் நடுவில் மூடிக்கொள்ளும்.

பெரிய மீட்பு பெரும்பாலும் பயனரின் பெயரிலுள்ள கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவில்தான் கிடைக்கிறது. உலாவிகள் வேகத்துக்காகச் சேர்த்து வைக்கும் கேஷ் என்னும் தற்காலிகக் கோப்புகள், செய்தி அனுப்பும் செயலிகள் தாமே இறக்கி வைத்துக்கொண்ட காணொளிகள், கூட்டச் செயலிகளின் மிச்சங்கள், என்றோ நீக்கப்பட்ட மென்பொருள் விட்டுச்சென்ற கோப்புறைகள் ஆகிய எல்லாம் அங்கே சேர்ந்திருக்கும். ஐபோன் வைத்திருப்பவர் என்றாவது ஒருநாள் ஐடியூன்ஸ் வழியாக எடுத்த காப்புநகல், மொபைல்சிங்க் என்னும் கோப்புறைக்குள் பல ஜிபி அளவில் படுத்திருக்கும். தொலைபேசியே மாறிப்போன பிறகும் பழைய தொலைபேசியின் நகல் அங்கே இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் ஆப்பிள் டிவைசஸ் செயலியைப் பயன்படுத்துபவர்களுக்கு அது பயனர் கோப்புறையிலேயே ஆப்பிள் என்ற பெயரின்கீழ் இருக்கும். இப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடிப்பது விஸ்ட்ரீயின் வேலை. அழிப்பதை அந்தந்தச் செயலியின் உள்ளே சென்று, அது தரும் வழியிலேயே செய்ய வேண்டும். உலாவியின் கேஷை உலாவியின் அமைப்புகளிலும், செய்திச் செயலியின் காணொளிகளை அந்தச் செயலியின் சேமிப்பகப் பக்கத்திலும், தொலைபேசியின் நகலை அதை எடுத்த செயலியிலும் நீக்கினால், எதுவும் அரைகுறையாக உடைந்து நிற்காது.

இந்த மென்பொருளின் முக்கியக் குறைபாடும் இங்கேயே தொடங்குகிறது. எது ஆபத்தானது என்பதை அது சொல்வதில்லை. ஒரு திரைப்படக் கோப்பும் விண்டோஸின் உயிர்நாடியான ஒரு கோப்பும் அதன் பட்டியலில் ஒரே தோற்றத்தில், ஒரே வலது சொடுக்குப் பட்டியலுடன், அதில் டெலீட் என்ற அதே சொல்லுடன் நிற்கின்றன. விண்டோஸ் கோப்புறைக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்றொரு கோப்புறை பல ஜிபி அளவில் தெரியும். இயங்குதளத்தின் உறுப்புகளும், புதுப்பிப்புகளைத் திரும்பப் பெறுவதற்கான பழைய பதிப்புகளும் அதில் இருக்கின்றன. அதிலுள்ள கோப்புகளுள் பல, வேறு இடத்தில் இருக்கும் அதே கோப்புக்கு ஹார்ட் லிங்க் எனப்படும் இரண்டாவது பெயர் மட்டுமே. ஆகவே ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்தக் கோப்புறையின் பண்புகளைத் திறந்து பார்ப்பவருக்கு அது உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். கையால் அழித்தால் கணினி தொடங்காமலே போகலாம். அதைச் சுருக்க மைக்ரோசாஃப்டே தந்திருக்கும் வழி, டிஸ்ம் கட்டளையின் ஸ்டார்ட் காம்பொனென்ட் கிளீனப் என்னும் பகுதி. அதனுடன் ரீசெட்பேஸ் என்பதைச் சேர்த்தால் இன்னும் சற்று இடம் கிடைக்கும், ஆனால் அதன்பிறகு ஏற்கெனவே நிறுவிய புதுப்பிப்புகளை நீக்க இயலாது. விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே இருக்கும் இன்ஸ்டாலர் என்னும் மறைவான கோப்புறைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அங்குள்ள கோப்புகளை அழித்தால், பின்னொரு நாள் அந்த மென்பொருளைப் புதுப்பிக்கவோ நீக்கவோ முடியாமல் சிக்கிக்கொள்ள நேரும். விண்டோஸ் கோப்புறைக்கு உள்ளே நுழையும்போது ஓர் எச்சரிக்கை வரி வந்தால்கூடப் போதும். இத்தனை ஆண்டுகளில் அதைச் சேர்த்திருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு உண்டு. பழக்கமில்லாதவர்களுக்கு நான் சொல்லும் விதி ஒன்றுதான்: பயனர் கோப்புறைக்கு வெளியே இருக்கும் எதையும் விஸ்ட்ரீக்குள்ளிருந்து அழிக்காதீர்கள்.

விண்டோஸுடன் வரும் வசதிகள் இருக்க இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று சென்றால் வகை வாரியான கணக்கு தெரியும். 2017-இல் அறிமுகமான ஸ்டோரேஜ் சென்ஸை அங்கே இயக்கி வைத்தால் தற்காலிகக் கோப்புகளையும், ரீசைக்கிள் பின்னில் 30 நாள்களுக்கு மேல் கிடப்பவற்றையும் அது தானே நீக்கிவிடும். பதிவிறக்கக் கோப்புறையை அது வழக்கமாகத் தொடுவதில்லை, அப்படியே விட்டுவைப்பதுதான் சரி. விண்டோஸைப் பெரிய பதிப்புக்கு உயர்த்திய பிறகு எஞ்சும் விண்டோஸ்.ஓல்டு கோப்புறையை, பழைய பதிப்புக்குத் திரும்பும் எண்ணம் இல்லையென்றால், டெம்பரரி ஃபைல்ஸ் பகுதியிலேயே நீக்கிக்கொள்ளலாம்; விட்டுவிட்டாலும் பத்து நாள்களில் அது தானாகப் போய்விடும். சிறிய டிரைவ் உள்ள எவரும் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான், விஸ்ட்ரீ அதற்குப் பிறகே. ஆனால் விண்டோஸின் கணக்கு வகைகளோடு நின்றுவிடுகிறது. அதர் என்ற தலைப்பின்கீழ் பல ஜிபியைக் காட்டிவிட்டு, அதற்குள் எந்தச் செயலியின் எந்தக் கோப்பு இருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பழைய டிஸ்க் கிளீனப்புக்கும் அதே எல்லைதான். 2018 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடப்படும் அம்சங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஒரே சொடுக்கில் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் பரிந்துரைக்கவில்லை. விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதால் மீளும் இடம் பொருட்படுத்தத் தக்கதன்று. அத்தகைய மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. அவை நீக்கும் உலாவிக் கேஷோ அடுத்த சில நாள்களில் மீண்டும் நிறைந்துவிடும். மேலும், கணினி முழுவதன் மேலும் அதிகாரம் கொண்ட ஒரு மென்பொருளை நம்பி ஓட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. 2017-இல் பரவலாகப் பயன்பட்டுவந்த சிசிக்ளீனர் என்னும் துப்புரவு மென்பொருளின் 5.33 பதிப்பில் ஊடுருவியோர் தீங்குநிரலைக் கலந்துவிட, அதிகாரப்பூர்வப் பதிவிறக்கத்தின் வழியாகவே அது பயனர்களைச் சென்றடைந்தது. இந்தக் கவலை விஸ்ட்ரீக்கும் பொருந்தும் என்பதையும் சொல்லியாக வேண்டும்: அட்டவணையை நேரடியாகப் படிக்க அது நிர்வாகி அனுமதி கேட்கிறது. அனுமதியின்றியும் ஓடும், ஆனால் மற்ற மென்பொருள்களைப் போலவே மெதுவாக நடந்து, நுழைய முடியாத இடங்களை விட்டுவிடும். ஆகவே தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்க வேண்டும்.

எஸ்டி கார்டுகளும் பென்டிரைவுகளும் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் அல்லாத எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 முறையில் இருப்பதால் அவற்றில் விஸ்ட்ரீயின் வேகம் மற்றவற்றைப் போன்றதே. புகைப்படங்களை கார்டுக்கு நகர்த்திவிட்டு அதன் கணக்கையும் பார்க்க விரும்புபவர் சற்றுக் காத்திருக்க வேண்டும். பெரிய குறையாக இதை நான் கருதவில்லை.

எவ்வளவு இடத்தைக் காலியாக வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் காரணத்தோடு கூடிய விடை உண்டு. ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய தரவின் மேல் நேரடியாக எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுதாக அழித்த பிறகே அதில் புதிதாக எழுத முடியும். காலித் தொகுதிகள் குறையக் குறைய, எழுதும் ஒவ்வொரு முறையும் சில்லு உள்ளுக்குள் தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்க நேர்ந்து, கணினி முழுவதும் மந்தமாகிறது. 64 ஜிபி டிரைவில் 10 ஜிபியாவது காலியாக இருக்கட்டும் என்பது என் கருத்து. மாதாந்திரப் புதுப்பிப்புகளும் அப்போது திணறாமல் நிறுவப்படும். மேலே சொன்னவற்றையெல்லாம் செய்தும் அந்த அளவு எட்டாவிட்டால், இயங்குதளக் கோப்புகளைச் சுருக்கி வைக்கும் காம்பாக்ட் ஓஎஸ் வசதி விண்டோஸ் 10 முதல் உண்டு. அதனால் 2 ஜிபி அளவுக்கு மீளக்கூடும். கோப்புகளை விரித்துப் படிக்கக் கணினியின் சிபியுவுக்குச் சற்று வேலை கூடும்.

64 ஜிபியோ 128 ஜிபியோ உள்ள மடிக்கணினிக்கு விஸ்ட்ரீ கட்டாயம் கையிருப்பில் இருக்க வேண்டிய மென்பொருள் என்பது என் முடிவு. எச்சரிக்கை இல்லாத குறைக்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைத்து, ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். 32 ஜிபி கணினி வைத்திருப்பவர்களுக்கு அதே உறுதியோடு பரிந்துரைக்க முடியவில்லை. அங்கே இடத்தை அடைத்திருப்பது பெரும்பாலும் விண்டோஸேதான். படம் அதைத் தெளிவாகக் காட்டும், மீட்க அதிகம் இராது. விண்டோஸ் 11-க்கு 64 ஜிபி தேவை என்பதால் அந்தக் கணினிகள் அதற்கு மாறவும் இயலாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அத்தகைய கணினியில் இடம் தேடி நேரத்தைச் செலவிடுவதைவிட, தேவையான கோப்புகளை வெளியே நகல் எடுத்துவிட்டு, குறைந்த இடத்தில் இயங்கும் லினக்ஸ் பதிப்பு ஒன்றை நிறுவிப் பார்ப்பதே பயன் தரும்.